ஒருசந்திப் பெண்

இயேசு மரி சூசை

மயிலாப்பூர்,
9 ஜூன் 2025

அன்புள்ள தம்பி நோயலுக்கு,

பிரிஸில்லா அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் ஆம்ப்ரோஸ் மாமாவும் சுகம். உன் கழுத்து வலி தேவலையா? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தால் அது எப்படிப் போகும்?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். என் போன் முக்கால்வாசி நேரம் ஜொவிட்டா கையில்தான் இருக்கிறது. பேசலாமென்றால், எங்கள் ஃப்ளாட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். அதனால் ஸ்டாஃப் ரூமில் பரீட்சைத் தாள் திருத்துகிற பாவனையில் இதை எழுதுகிறேன். நீயும் ஸ்கூல் விலாசத்துக்கே பதில் போடு. பெங்களூரில் தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்.

விஷயம் என் மகள் ஜொவிட்டாவைப் பற்றித்தான். இந்த வருஷம் விபூதிப் புதனன்று ஒருசந்தி பிடிக்க ஆரம்பித்தாள், தானாகவே. நமக்கெல்லாம் அது வருஷத்துக்கு இரண்டு நாள், ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது. இவள் தவக்காலம் முழுக்க ஒரே வேளைதான் சாப்பிட்டாள். பங்குக் கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள். பதினாறு வயதில் இப்படி ஒரு பக்தியா என்று பூசை முடிந்து கோயில் வாசலில் நிறுத்திச் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஈஸ்டர் வந்தது, மட்டன் எடுத்தோம். அவள் ஒருசந்தியை விடவில்லை. இன்றுவரை விடவில்லை. கேட்டால் வேண்டுதல் என்கிறாள். என்ன வேண்டுதல் என்றால், வெளியே சொல்லக் கூடாதாம். போன வருஷத்துச் சுடிதார் கொடியில் காயப்போட்ட மாதிரி அவள் மேல் தொங்குகிறது. கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் கேட்டாள்.

இந்த வயதுப் பெண்கள் சாப்பிடாமல் கிடப்பதைப் பற்றித்தானே நீ ஆராய்ச்சி செய்கிறாய். இது பக்தியா, வியாதியா? அக்கா மனசு நோகுமே என்று பார்க்காமல் சொல்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

பிரிஸில்லா


பெங்களூர்,
16 ஜூன் 2025

அன்பு அக்கா,

கழுத்து அப்படியேதான் இருக்கிறது. உன் கவரைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையெழுத்து இன்னும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரியே இருக்கிறது.

வியாதிதான், அக்கா. இதை ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்போம். பிடிவாதமும் இல்லை, வெறும் ஒல்லியாகிற ஆசையும் இல்லை. மனச்சோர்வு, பதற்றம், சில பிள்ளைகளுக்கு உயிரே வேண்டாம் என்கிற நினைப்பு, எல்லாம் இதோடு சேர்ந்து வரும். மனநோய்களில் உயிரைப் பறிப்பதில் முன்வரிசையில் நிற்பது இது. உன்னைப் பயமுறுத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். நீ பயந்தால்தான் நகர்வாய்.

அடையாறில் ஜோயா என்று ஒரு மனநல மருத்துவர், என்னோடு வேலை பார்த்தவர். இந்த வாரமே கூட்டிப் போ. அவளைத் திட்டாதே, கெஞ்சாதே, தட்டையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்காராதே. அது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இது எப்படி ஆரம்பித்தது? யாராவது ஏதாவது சொன்னார்களா? இந்த வயதில் ஒரு வார்த்தை போதும். நன்றாக யோசித்து எழுது. சின்ன விஷயமானாலும் விடாதே.

காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மயிலாப்பூரில் இருப்பேன். ஆனால் இந்த மாதம் ஒரு ரிப்போர்ட் என் உயிரை வாங்குகிறது. அடுத்த மாதம் நிச்சயம் வருகிறேன். ஒருசந்தி என்கிற வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. என் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. விரதமா என்று கேட்டார்கள். இல்லை, இது எங்கள் வீட்டு வார்த்தை என்று பெருமையாக விளக்கினேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

நோயல்


இயேசு மரி சூசை

மயிலாப்பூர்,
2 ஜூலை 2025

அன்புள்ள நோயல்,

உன் கடிதம் கைக்கு வந்தது. எனக்குத் தூக்கம்தான் இல்லை, மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அடையாறுக்குப் போனோம். டாக்டர் ஜோயா அவளிடம் தனியாகப் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். மாதவிலக்கு நின்று மூன்று மாதமாகிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒரே பாத்ரூமில் குளிக்கிற தாய் நான். அவள் கையில் பூனைமுடி முளைத்திருப்பதைக் காட்டி, குளிர் தாங்காமல் உடம்பு தானே போர்வை போட்டுக்கொள்கிறது என்றார்.

எதையும் விடாமல் எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். இட்லியைப் பிய்த்துப் பிய்த்துக் கடுகாக்குகிறாள். பாதி டிஷ்யூ பேப்பருக்குள் போகிறது, பாதி காக்காய்க்கு. ஸ்கூலுக்குக் கட்டிக்கொடுத்த டப்பாவெல்லாம் காலியாகத் திரும்பி வந்ததே என்று பார்த்தால், சாப்பிட்டது அவள் சிநேகிதி ஹம்சினியாம். அந்தப் பெண் ஏன் அப்படி ஊதிப்போனாள் என்று இப்போதுதான் புரிந்தது. எங்களுக்கு மட்டும் விதவிதமாகச் சமைக்கிறாள். யூடியூப் பார்த்துக் கேக் செய்து, நாங்கள் விழுங்குகிறவரை பக்கத்திலேயே நிற்கிறாள். மாமா தின்றுவிட்டு, "இன்னா கண்ணு, எங்களுக்கே குட்த்துக்கினு கீற, நீ இன்னா துன்னப் போற?" என்று கேட்டார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இது உனக்கு மட்டும். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அவள் தாடையைப் பிடித்து இட்லியை வாயில் திணித்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே துப்பினாள். அந்த நிமிஷம் என் பிள்ளையை நான் வெறுத்தேன். அதே கையோடு பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கினேன். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டிருந்தாய். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தானாகவேதான் ஆரம்பித்தாள்.

அக்கா


பெங்களூர்,
15 ஜூலை 2025

அன்பு அக்கா,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ தூங்கு. உன்னைப் பற்றிக் குறைவாக நினைக்க என்னிடம் எதுவும் இல்லை. இந்த நோய் வந்த வீட்டில் எல்லாத் தாயும் ஒரு நாள் அப்படித்தான் திணித்திருப்பாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் விஷயமே வேறு. எங்களிடம் வருகிற பெண்களில் பாதிப் பேரை யாராவது கேலி செய்திருப்பார்கள், மீதிப் பேர் இன்ஸ்டாகிராமில் கிடந்திருப்பார்கள். ஜொவிட்டாவிடம் இரண்டும் இல்லை. பக்திதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, அதன் வழியாக நோய் உள்ளே வந்துவிட்டது. என் குழு இப்படி ஒன்றை நேரில் பார்த்ததில்லை. அவள் செபமாலை எவ்வளவு நேரம் சொல்கிறாள்? பாவசங்கீர்த்தனத்துக்கு அடிக்கடி போகிறாளா? புனிதர்கள் கதை ஏதாவது படிக்கிறாளா? உடம்பு பாவம் என்பது மாதிரிப் பேசுவதுண்டா?

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. பங்குச் சாமியாரிடம் சொல்லி அந்த வேண்டுதலிலிருந்து அவளை விடுவிக்கச் சொல். கோயில் பூட்டியதைக் கோயிலே திறக்கட்டும்.

ஸ்வெட்டர், காக்காய், கேக் என்று நீ எழுதியதெல்லாம் பிரமாதம். உனக்கு எழுத்து வருகிறது, அக்கா. இன்னும் எழுது. இந்த மாதமும் வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நோயல்


இயேசு மரி சூசை

மயிலாப்பூர்,
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நோயல்,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி செய்தோம். சாமியார் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கீழ்ப்படிதல் ஒருசந்தியைவிடப் பெரியது, இன்றோடு உன் வேண்டுதல் நிறைவேறியதாக ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் தலைகுனிந்து ஆமென் சொன்னாள். வெளியே வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். கச்சேரி ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒரு இட்லிக்கு சாமியார்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வந்திருக்கியேம்மா" என்றாள். ராத்திரிக்கு வெள்ளரிக்காய் இரண்டு துண்டு.

செபமாலையை அவள் தொட்டே பல மாதமாகிறது. கோயிலுக்கு வருவதுகூட நாங்கள் இழுப்பதால்தான். அந்தச் சிரிப்பில் பக்தி இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை, நோயல். ஒருவேளை இது கோயில் விஷயமே இல்லையோ? நீ படித்தவன், சொல். சீக்கிரம் சொல். மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

அக்கா


இயேசு மரி சூசை

மயிலாப்பூர்,
10 செப்டம்பர் 2025

நோயல்,

நீ நலமாகத்தான் இருப்பாய். பதில் வராததால் நானே மறுபடி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பாதியில் ஸ்கூல் பிரேயரில் ஜொவிட்டா மயங்கி விழுந்தாள். நாடி விட்டுவிட்டு அடிக்கிறது என்று ஐ.சி.யு.வில் வைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் மாதிரி ஏதோ இறக்கினார்கள். மாமா அங்கிருந்து உனக்கு மெசேஜ் போட்டார். கைகூப்புகிற இமோஜி ஒன்றை நீ அனுப்பினாய். அவர் அதை எனக்குக் காட்டிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் ஜோயா ஒரே ஒரு சட்டம் போட்டிருக்கிறார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. வேறு என்ன பேசுவது? லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டுவதைப் பற்றிப் பேசுகிறோம். எந்த ரோட்டை மூடினான், எந்த பஸ் எங்கே சுற்றிக்கொண்டு போகிறது என்று மாமா தினமும் புதுசாக ஏதாவது கொண்டு வருகிறார். அந்தப் பள்ளத்தின் புண்ணியத்தில் நேற்று அரைக் கிண்ணம் தயிர்சாதம் இறங்கியது.

நீ வர வேண்டாம். ஒரு போன் போடு, அவளோடு பேசு. அவளுக்கு உன்னைப் பிடிக்கும்.

பிரிஸில்லா


பெங்களூர்,
21 செப்டம்பர் 2025

அன்பு அக்கா,

என்னை மன்னித்துவிடு. கருத்தரங்குகளுக்காக ஆகஸ்ட் முழுக்க ஊர் ஊராக அலைந்தேன், மாமாவின் மெசேஜை விமான நிலைய வரிசையில் நின்றுதான் பார்த்தேன். தயிர்சாதம் என்று படித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஜோயா கெட்டிக்காரி, அவள் சொல்வதை அப்படியே கேளுங்கள். எடை கூடும்போது பிள்ளைக்குப் பயம் அதிகமாகும், எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பாள், நீங்கள் அசையாதீர்கள். ஒரு தடவை சறுக்கினால் அடுத்த தடவை ஏறுவது இன்னும் கஷ்டம்.

நீ எழுதியதில் சில விஷயங்கள் என் வேலைக்கு மிகவும் உதவின. பெயர் எதுவும் வெளியே வராது. உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்கிறேன். சாந்தோம் பக்கம் கடல்காற்று எப்படி இருக்கிறது? இங்கே மழை.

நோயல்


இயேசு மரி சூசை

மயிலாப்பூர்,
3 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். நீயும் சுகம்தானே?

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் உன் பெயரையும் சொல்லி மெழுகுவத்தி வைத்தேன். திரும்பும்போது மாடவீதியில் ஜொவிட்டா தானாகவே ரோஸ் மில்க் கேட்டாள். தானாகவே என்கிற வார்த்தையை இப்படி எழுத எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? முழு டம்ளர். அவள் குடிக்கிறவரை நான் கவனிக்காத மாதிரி கபாலி கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு மாமி, பொம்மைகளின் பெயரை எனக்கு விளக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்சேபம் என்று ஏதோ எழுதியிருந்தாயே, எனக்குப் புரியவில்லை. உன் வேலைக்கு உதவினால் சரிதான். போன் செய்வதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை? அவள் அன்றைக்குக் காத்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வா. கலகலா அவளே செய்கிறாளாம், அவளும் தின்பாளாம்.

அக்கா


மயிலாப்பூர்,
12 டிசம்பர் 2025

நோயல்,

இந்த ஒரு கடிதத்தில் உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை.

ஜொவிட்டா ஸ்கூலில், குடும்பத்தில் ஒருவருடைய வேலையைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். அவள் உன்னை எடுத்துக்கொண்டாள். உன் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். நீ ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை வந்தது. தலைப்பில் ஒருசந்தி என்று நம் வீட்டு வார்த்தை. பெயர் இல்லை, வாஸ்தவம். சென்னையின் பழைய கத்தோலிக்கப் பகுதி, பதினாறு வயது, ஒரே மகள், தமிழாசிரியையான தாய், ஆசீர்வதித்த பங்குச் சாமியார், கேக், காக்காய், ஸ்வெட்டர். பெயர் மட்டும் எதற்கு மிச்சம்? உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பங்கில் இதைப் படிக்கிற முதல் ஆளே வீடு தேடி வந்துவிடுவாள்.

நான் கிழிக்கச் சொன்ன கடிதம் அதில் இருக்கிறது. "அந்த நிமிஷம் என் பிள்ளையை நான் வெறுத்தேன்." தாயின் வாய்மொழி என்று மேற்கோள்குறி போட்டு வைத்திருக்கிறாய். அதை என் மகள் எனக்கே வாசித்துக் காட்டினாள், தமிழில் மொழிபெயர்த்து. நான் சொன்ன வார்த்தையையே சரியாகப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் எங்களோடு உட்காரவில்லை. தட்டை அறைக்குள் கொண்டு போகிறாள், அப்படியே திரும்பி வருகிறது. மாமா மெட்ரோவைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார். என் பிள்ளை செத்துக்கொண்டிருந்தாள், நீ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய். இன்னும் எழுது, இன்னும் எழுது என்றாய். அன்பு என்று நினைத்து எழுதினேன். நானும் ஒரு முட்டாள்.

அந்தக் கட்டுரையை எடுத்துவிடு. அவள் கண்ணில் மறுபடி படக் கூடாது.

பிரிஸில்லா


பெங்களூர்,
19 டிசம்பர் 2025

அன்பு அக்கா,

ஸ்கூல் மூடியிருக்கும் என்பதால் இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் கோபம் நியாயம்தான். ஆனால் இதையும் கேள். நவம்பரில் நீயே சரிதான் என்று எழுதினாய், அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை வந்த பிறகு இரண்டு ஊர்களிலிருந்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், தாங்கள் பக்தி என்று விட்டுவிட்ட பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

வெளிவந்ததை எடுக்க என்னால் முடியாது, அது என் கையில் இல்லை. அதில் எந்த இடமாவது தவறு என்றால் சொல், திருத்தம் போடச் சொல்கிறேன். நீ எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

குழந்தையிடம் என் அன்பைச் சொல். உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நோயல்


மயிலாப்பூர்,
4 ஜனவரி 2026

நோயல் மாமாவுக்கு,

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். சுகமா?

நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் வீட்டுக்கு வந்தது. அம்மா படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டார், அதனால் நானும் படித்தேன். எங்கே தவறு என்று சொன்னால் திருத்தம் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா பதில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

வேண்டுதல் எதுவும் கிடையாது. அப்படிச் சொன்னால் யாரும் தட்டை என் பக்கம் தள்ளமாட்டார்கள் என்பதால் சொன்னேன். உங்கள் கட்டுரையில் அதற்கு நாலு பக்கம் விளக்கம் இருக்கிறது. வாசிக்க நன்றாக இருந்தது.

போன வருஷம் தவக்காலத்துக்கு முன்னால், உறுதிபூசுதல் சடங்குக்குத் தைக்கக் கொடுத்திருந்த வெள்ளை கவுனை வாங்க தி. நகரில் கரீமுல்லா அண்ணன் கடைக்குப் போனோம். ஹம்சினியும் கூட வந்தாள். போட்டுப் பார்த்தபோது ஜிப் பாதியில் நின்றுவிட்டது. "பரவால்லம்மா, சைடுல துணி விட்டு வச்சிக்கீறேன், பிரிச்சிக்கலாம்" என்றார் அண்ணன். அம்மா பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தவக்காலம் வருதில்ல, வாயைக் கட்டுடி. புண்ணியத்துக்குப் புண்ணியம், இடுப்புக்கு இடுப்பு."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் விபூதிப் புதன்.

ஈஸ்டருக்குப் பிறகு அந்த கவுன் பிரிக்காமலே ஏறியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவர் என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டு எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மா என்னை வெறுத்ததை நீங்கள் அச்சில் போட்டதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்த நிமிஷம் எனக்கும் அவர்மேல் அப்படித்தான் இருந்தது. ஆனால் தேடித் தேடிப் பார்த்தேன், கரீமுல்லா அண்ணன் கடை உங்கள் கட்டுரையில் எங்கேயும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்று தாய் கூறினார் என்று இருக்கிறது. அம்மா மறந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். மறந்திருந்தால், உங்கள் கட்டுரையில் இருக்கிறபடி தானாகவே, தானாகவே என்று இரண்டு தடவை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார்.

டாக்டர் ஜோயா மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார். நாளைக்குப் போகிறோம். அப்பா லீவு போட்டிருக்கிறார். திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

இதைத் தபாலில் போட அம்மாவிடம்தான் கொடுக்கப் போகிறேன். கவரை ஒட்டவில்லை.

ஜொவிட்டா